செவி பெற்ற கணிப்பொறி: டாக்டர் ராஜ் ரெட்டியின் விஞ்ஞானப் பணி

சித்தூர் நகரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா நதிக்கரையில் அமைந்துள்ள காணிப்பாக்கம், வரசித்தி விநாயகர் கோயிலால் புகழ் பெற்ற ஊராகும். அவ்வூரின் தலபுராணம் மூன்று சகோதரர்களைப் பற்றிக் கூறுகிறது. ஒருவருக்குக் கண் தெரியாது. ஒருவருக்குக் காது கேளாது. மற்றவருக்குப் பேச்சு வராது. தங்கள் காணி நிலத்துக் கிணற்றை அவர்கள் ஆழப்படுத்துகையில் கருவி ஒரு கல்லின்மீது பட, அக்கல்லிலிருந்து குருதி பெருகியதென்றும், அக்கணமே மூவரும் தத்தம் குறை நீங்கப்பெற்றனர் என்றும் மக்கள் நம்புகின்றனர். புராணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் காணுதல், கேட்டல், பேசுதல் என்னும் இம்மூன்று ஆற்றல்களையும் உயிரற்ற பொறிக்கு ஊட்ட வேண்டுமென்று வாழ்நாள் முழுதும் உழைத்த விஞ்ஞானி ஒருவர் அதே சித்தூர் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் என்பதைப் பலர் அறிந்திரார். டாக்டர் ராஜ் ரெட்டி என்று உலகம் வழங்கும் தப்பல ராஜகோபால ரெட்டியே அவர்.

1937-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் காட்டூர் என்னும் கிராமத்தில் அவர் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தது. உழுதொழிலை ஆதாரமாகக் கொண்ட குடும்பம். அக்குடும்பத்திலிருந்து கல்லூரியின் வாயிலை முதன்முதல் மிதித்தவர் அவரே. மாவட்டம் 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்துவிட்டபோதிலும், அவரது உயர்கல்வி சென்னையிலேயே நிறைவெய்தியது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று 1958-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அவர் பயின்றது பாலமும் அணையும் கட்டடமும் அமைக்கக் கற்பிக்கும் சிவில் பொறியியல். கிண்டி மாணவர் ஒருவர் மின்னணுக் கணிப்பொறியைக் கண்ணால் காணும் வாய்ப்பும் அந்நாளில் சென்னையில் இல்லை. கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வெளிநாட்டுப் பொறி ஒன்று வந்திருந்தது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாமே ஒரு பொறியை அமைத்துக்கொண்டிருந்தனர். அவ்வளவே.

மேற்படிப்புக்காக ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக் கழகத்துக்குச் சென்று, 1960-ஆம் ஆண்டில் தொழில் நுட்பவியல் முதுநிலைப் பட்டத்தைப் பெற்றார். யூடெகாம் என்ற பெயரால் வழங்கிய கணிப்பொறி ஒன்று அங்கே 1956-ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. பாதரசம் நிரம்பிய குழாய்களினூடே ஒலியலைகளை ஓடவிட்டு, அவ்வலைகளின் வடிவிலேயே எண்களை நினைவில் நிறுத்தும் அமைப்பு அது. பிற்காலத்தில் ஒலியைக் கணிப்பொறிக்கு அறிவிக்க முனைந்தவர், ஒலியையே நினைவாகக் கொண்ட பொறியின் அருகே இத்துறைக்குள் புகுந்தது ஒரு சுவையான பொருத்தம். பட்டம் பெற்றபின் 1963-ஆம் ஆண்டு வரை சிட்னி நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் விஞ்ஞானப் பயன்பாட்டுப் பிரிவில் பணியாற்றினார்.

அக்காலத்தில் கணிப்பொறிக்கும் மனிதனுக்கும் இடையே நிலவிய தொடர்பு எத்தகையது என்பதை இங்கே விளக்குதல் வேண்டும். கணக்கிட விரும்புவோர் தம் கட்டளைகளை அட்டைகளில் துளைகளாக இட்டு, கட்டாகக் கட்டி, பொறியின் பொறுப்பாளரிடம் ஒப்படைப்பர். முறை வந்ததும் அவற்றைப் பொறி படிக்கும். விடை அச்சாகி மறுநாள் கைக்கு வரும். ஒரு துளை தவறியிருப்பின் மீண்டும் ஒரு நாள் காத்திருக்க வேண்டியதே. பொறியின் நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டு, எவ்வேலையை முன்னர்ச் செய்வது, எதை நிறுத்திவைப்பது என்று ஆளுகின்ற தலைமைத் திட்டம் ஒன்று பொறிக்குள்ளேயே இருந்தால் இத்தொல்லை தீரும். அதுவே இயக்க முறைமை எனப்படுகிறது. பலர் ஒரே சமயத்தில் தட்டச்சுக் கருவிகளின் முன் அமர்ந்து ஒரே பொறியைப் பயன்படுத்தும் வண்ணம், பொறியின் காலத்தைச் சிறு சிறு கூறாக்கி ஒவ்வொருவருக்கும் அளிக்கலாம் என்ற யோசனையை ஜான் மெக்கார்த்தி 1959-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தில் எழுத்து மூலம் முன்வைத்தார். அதே கழகத்தைச் சேர்ந்த பெர்னாண்டோ கார்பட்டோ 1961-ஆம் ஆண்டில் அத்தகைய நேரப் பங்கீட்டு முறைமையை நடத்திக் காட்டினார். இன்றைய இயக்க முறைமைகளின் வமிசாவளியில் இம்முறைமைக்கு உயரிய இடம் உண்டு.

அந்த மெக்கார்த்தி 1962-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த ரெட்டிக்கு அவரே வழிகாட்டியாக அமைந்தார். ஆசிரியர் காட்டிய பாதையில் மாணவர் ஒரு படி மேற்சென்றார் எனலாம். தட்டச்சு அறிந்தவன் பொறியுடன் உரையாட நேரப் பங்கீடு வழி செய்தது. ஆனால் மனிதனுக்கு இயல்பான ஊடகம் விரல் அன்று, நாவும் செவியுமே. எழுத்தறியாதவனும் பேச அறிவான். ஆதலின் பொறிக்குப் பேச்சு விளங்க வேண்டும்.

இதில் இயக்க முறைமைக்கே ஒரு சோதனை இருந்தது. தட்டச்சு செய்பவன் மெதுவாகச் செயற்படுபவன். அவன் அடுத்த எழுத்தைத் தேடும் இடைவெளியில் பொறி வேறு பத்துப் பேரைக் கவனித்துவிட்டுத் திரும்பலாம். பேசுபவனோ பொறிக்காகக் காத்திருப்பதில்லை. ஒலியலையின் உயரத்தை நொடிக்குப் பத்தாயிரம் முறை அளப்பதாகக் கொண்டால், மூன்று நொடியில் சொல்லி முடிக்கும் ஒரு வாக்கியம் முப்பதாயிரம் எண்களாகப் பொறியை வந்தடையும். அவற்றை ஒன்றும் விடாமல் வாங்கி வைத்துக்கொள்வதும், வாங்கும்போதே ஆராயத் தொடங்குவதும் அந்நாளைய பொறிகளின் ஆற்றலுக்கு எல்லையாக இருந்தன.

ஒலியலையை நேரே பகுத்துப் பேச்சை அறிவது பற்றிய ரெட்டியின் ஆய்வு 1966-ஆம் ஆண்டில் முனைவர் பட்டத்துக்கு ஏற்கப்பட்டது. ஸ்டான்போர்டின் கணிப்பொறி இயல் துறை அப்போது தோன்றி ஓராண்டே ஆகியிருந்தது; அத்துறையின் தொடக்க கால முனைவர்களுள் அவர் ஒருவர். அங்கேயே உதவிப் பேராசிரியராக அமர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். கையும் கண்ணும் செவியும் உடைய கணிப்பொறியைப் பற்றி மெக்கார்த்தி, எர்னஸ்ட், ரெட்டி, வீசான்ஸ் ஆகிய நால்வரும் 1968-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வாய்மொழிக் கட்டளைகளைக் கேட்டு, தொலைக்காட்சிக் கருவி வாயிலாக மேசைமீதுள்ள கட்டைகளைக் கண்டு, இயந்திரக் கையால் அவற்றை எடுத்து அடுக்கும் அமைப்பை அது விவரித்தது.

பேச்சை அறிதல் ஏன் அத்துணைக் கடினமானது? எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெற்றிடம் உண்டு, பேச்சில் இல்லை. தமிழ் இலக்கணம் பொதுமொழி என்று வகுத்த சொற்களை எடுத்துக்கொள்வோம். 'தாமரை' என்பது மலரையும் குறிக்கும். 'தாவுகின்ற மரை' எனப் பிரிந்து விலங்கையும் குறிக்கும். 'பலகை' மரப்பலகையாகவும் இருக்கலாம். பல கைகளாகவும் இருக்கலாம். செவியில் விழும் ஒலி இரண்டிடத்தும் ஒன்றே. 'குளத்தில் தாமரை பூத்தது' என்று கேட்பவன் மானினத்தை நினைப்பதில்லை. காரணம், குளமும் பூத்தலும் அவனுக்குப் பொருளை உணர்த்திவிடுகின்றன. ஒலியளவிலும் இதே நிலைதான். 'பழம்' என்பதிலும் 'அம்பு' என்பதிலும் பகரம் ஒரே எழுத்து, ஒலியோ வேறு. ஆண் குரலும் பெண் குரலும், முதியவர் குரலும் சிறுவர் குரலும், நிதானமாகச் சொன்னதும் அவசரத்தில் சொன்னதும் அலை வடிவில் பெரிதும் வேறுபடுகின்றன. இருந்தும் மூன்று வயதுக் குழந்தைக்கு இதில் இடர்ப்பாடு இல்லை.

ஆகவே, ஒலியை மட்டும் நுணுகி ஆராய்ந்தால் பேச்சு விளங்கிவிடும் என்ற எண்ணம் தவறானது. ஒலி பற்றிய அறிவு, அசை பற்றிய அறிவு, சொற்களஞ்சியம், வாக்கிய இலக்கணம், பேசப்படும் பொருள் பற்றிய அறிவு ஆகிய அனைத்தும் ஒன்றுகூட வேண்டும். இவற்றுள் எதுவும் தனித்து நம்பத் தக்கதன்று. ஒவ்வொன்றும் பிழைபடக் கூடியது. பிழைபடக் கூடிய பல சாட்சிகளை வைத்துக்கொண்டு சரியான தீர்ப்பை எவ்வாறு எய்துவது? ரெட்டியின் ஆராய்ச்சி வாழ்வின் மையக் கேள்வி இதுவே.

1969-ஆம் ஆண்டில் அவர் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெல்லன் பல்கலைக் கழகத்துக்கு மாறினார். இரண்டாண்டுகளில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர் ஆராய்ச்சி நிறுவனம் பேச்சறிதலுக்கென ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. ஆயிரம் சொற்கள் கொண்ட தொடர் பேச்சை, நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான பிழையோடு பொறி பொருள் கொள்ள வேண்டும் என்பது வகுக்கப்பட்ட இலக்கு. தனித்தனிச் சொற்களையே தட்டுத் தடுமாறி அறிந்த காலத்தில் அது பேராசையாகவே பலருக்குத் தோன்றியது.

கார்னகி மெல்லனில் முதலில் உருவான முறைமைக்கு 'ஹியர்சே' என்று பெயர். செவிவழிச் செய்தி என்பது பொருள். சதுரங்க ஆட்டத்தின் நகர்த்தல்களை வாயால் சொல்ல, அது கேட்டு ஆடியது. பலகையின் நிலையில் எந்நகர்த்தல்கள் நியாயமானவை என்ற அறிவும் செவிக்குத் துணை நின்றது என்பதே இங்கு நோக்கத்தக்கது. அடுத்து வந்த இரண்டாம் ஹியர்சேயை எர்மன், ஹேயஸ்-ராத், லெசர் ஆகியோருடன் சேர்ந்து ரெட்டி அமைத்தார். அதன் உள்ளமைப்பு 'கரும்பலகை' என்ற பெயரால் புகழ் பெற்றது.

ஒரு பள்ளி அறையில் பெரிய கரும்பலகை ஒன்று இருப்பதாகவும், அதன் முன் வல்லுநர் பலர் அமர்ந்திருப்பதாகவும் கற்பனை செய்துகொள்க. ஒருவர் ஒலியை மட்டும் அறிந்தவர், ஒருவர் அசைகளை அறிந்தவர், ஒருவரிடம் அகராதி உண்டு, ஒருவர் இலக்கணி. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இல்லை. தமக்குத் தெரிந்ததைப் பலகையில் எழுதலாம். பிறர் எழுதியதைக் கண்டு அதன்மீது தம் ஊகத்தை எழுதலாம். ஒவ்வோர் ஊகத்துக்கும் எதிரே அதனை எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பெண் குறிக்கப்படும். ஒலி வல்லுநர் எழுதிய ஐயத்துக்குரிய குறிப்பை அகராதிக்காரர் உறுதிப்படுத்துவார். அகராதிக்காரர் முன்மொழிந்த சொல்லை இலக்கணி மறுப்பார். இவ்வாறு கீழிருந்து மேலும், மேலிருந்து கீழுமாக ஊகங்கள் வலுப்பெற்று, இறுதியில் ஒரு வாக்கியம் எஞ்சி நிற்கும்.

ஆனால் பொறி ஒன்று, வல்லுநர் பலர். அடுத்த கணத்தை யாருக்கு அளிப்பது? எந்த ஊகத்தைத் தொடர்ந்தால் பயன் மிகுதி என்று எடைபோட்டு, வல்லுநர்களுக்கு முறை வகுக்கும் ஆட்சியாளன் ஒருவன் இம்முறைமைக்குள் இருந்தான். நேரத்தைப் பங்கிடும் இயக்க முறைமைக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை. வேறுபாடு ஒன்றே: இயக்க முறைமை அனைவருக்கும் நியாயமாகப் பங்கிட முயலும், இவ்வாட்சியாளனோ நம்பிக்கை அளிக்கும் ஊகத்துக்கே சலுகை காட்டுவான். அக்காலத்தில் அதே துறையில் வில்லியம் வுல்ப் என்பவர் குழுவினர், பதினாறு சிறு பொறிகளை ஒன்றாக இணைத்த சி.எம்.எம்.பி. என்னும் அமைப்புக்கு 'ஹைட்ரா' என்ற இயக்க முறைமையை ஆக்கினர். பலவற்றைக் கொண்டு ஒன்றைச் செய்விக்கும் கலை அத்துறையின் காற்றிலேயே கலந்திருந்தது போலும்.

1976-ஆம் ஆண்டில் திட்டத்தின் இறுதித் தேர்வு நடைபெற்றது. இலக்கைத் தாண்டி வெற்றி பெற்றதும் கார்னகி மெல்லனின் படைப்பே. ஆனால் அது கரும்பலகை அன்று. ரெட்டியின் மாணவர் புரூஸ் லோயர் அமைத்த 'ஹார்ப்பி' என்னும் எளிய முறைமை. அது வல்லுநர்களை விவாதிக்க விடவில்லை. ஒலி, சொல், இலக்கணம் அனைத்தையும் முன்கூட்டியே பின்னி, 15,000 நிலைகள் கொண்ட ஒரே வலையாக ஆக்கிக்கொண்டது. வாக்கியத்தைக் கேட்கையில் வலையில் சிறந்ததாகத் தோன்றும் சில வழிகளை மட்டும் பின்பற்றி, ஏனையவற்றை உடனுக்குடன் கைவிட்டுச் சென்றது. 1,011 சொற்கள், பேசியோர் ஆடவர் மூவர், பெண்டிர் இருவர், பிழை நூற்றுக்கு ஐந்தளவே. இரண்டாம் ஹியர்சே இலக்கை ஏறக்குறைய எட்டியது, அதனோடு நின்றது.

ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒன்றுக்கொன்று போட்டியான முறைமைகள் வளர இடங்கொடுத்தமை ரெட்டியின் தலைமைப் பண்பைக் காட்டுகிறது. தம் பெயர் தாங்கிய அமைப்பை மாணவரின் அமைப்பு வெல்வதை அவர் தடுக்கவில்லை. மூன்றாவது வழி ஒன்றும் அங்கேயே பிறந்தது. ஜேம்ஸ் பேக்கர் என்ற மாணவர் நிகழ்தகவுக் கணிதத்தை அடிப்படையாகக் கொண்டு 'டிராகன்' என்ற முறைமையை 1975-ஆம் ஆண்டளவில் அமைத்தார். பின்னர் வந்த கை-பூ லீ, ஹார்ப்பியின் வலையையும் டிராகனின் கணிதத்தையும் இணைத்து 1988-ஆம் ஆண்டில் 'ஸ்பிங்க்ஸ்' என்ற முறைமையை நிறைவேற்றினார். முன்பின் கேட்டறியாத குரலையும் அது அறிந்தது.

அதன் சோதனை முடிவுகள் ரெட்டியின் அடிப்படைக் கருத்துக்கு நல்ல சான்று. சொற்கள் 997. எச்சொல்லின் பின்னும் எச்சொல்லும் வரலாம் என்று இலக்கணம் இன்றிச் சோதித்தபோது நூற்றுக்கு 71 சொற்களே சரியாக விளங்கின. அடுத்து வரக்கூடிய சொற்கள் சராசரி 60 என்று இலக்கணத்தால் குறைத்தபோது 94. 20 என்று மேலும் குறைத்தபோது 96. ஒலியைக் கேட்கும் திறன் மூன்று நிலையிலும் ஒன்றே. கூடியது மொழி பற்றிய அறிவு.

பொறி பேச்சைப் 'புரிந்துகொண்டது' என்னும் சொல்லைச் சற்று நிதானத்துடன் கொள்ளுதல் நன்று. ஹார்ப்பி அறிந்தது மிகக் குறுகிய வட்டத்துக்குள் அமைந்த கட்டுப்பாடான வாக்கியங்களையே. அதற்கு வெளியே ஒரு சொல் கூறினாலும் அது வழி தெரியாமல் நின்றுவிடும். தேர்வில் வென்ற பின்னரும் ஐந்தாண்டுத் திட்டம் தொடரப்படவில்லை. பொறிகள் விரைவு பெறவும் விலை குறையவும் மேலும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. கரும்பலகை முறையோ செவியின் எல்லையைக் கடந்து வேறு பணிகளுக்குப் பயன்பட்டது. கடலடி ஒலிகளைக் கொண்டு கப்பல்களை இனங்காணும் அமைப்பொன்றில் அதனைக் கையாண்டவர்களுள் எட்வர்ட் பைகன்பாம் ஒருவர். கணிப்பொறி இயலின் மிக உயரிய விருதாகிய டூரிங் விருது 1994-ஆம் ஆண்டில் அவருக்கும் ரெட்டிக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஆசியாவில் பிறந்தோருள் அவ்விருதை முதலிற் பெற்றவர் ரெட்டி.

அவர் வகித்த பதவிகள் பல. கார்னகி மெல்லனில் 1979-ஆம் ஆண்டில் தொடங்கிய எந்திரனியல் நிறுவனத்தின் முதல் இயக்குநராக 1991 வரையும், அதன்பின் 1999 வரை கணிப்பொறி இயல் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். பிரெஞ்சு அரசு 1984-ஆம் ஆண்டில் தன் மதிப்புக்குரிய லீஜியன் விருதையும், இந்திய அரசு 2001-ஆம் ஆண்டில் பத்ம பூஷண் விருதையும் அளித்தன. அவரது துறையில் 1985-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ரஷீத் குழுவினர் தொடங்கிய 'மாக்' என்னும் இயக்க முறைமைக் கரு, பின்னர் ஆப்பிள் நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் அடித்தளமாயிற்று. வாய்மொழிக் கேள்விக்கு விடையளிக்கும் கைப்பேசியில், பிட்ஸ்பர்க் நகரின் இருவகை ஆராய்ச்சியும் அருகருகே உறைகின்றன எனலாம்.

பிரெஞ்சு விருது கிடைத்த காரணம் தனியே கூறத் தக்கது. வளரும் நாட்டு மக்களின் கல்விக்குக் கணிப்பொறியைப் பயன்படுத்துவதற்காகப் பாரிஸ் நகரில் நிறுவப்பட்ட உலக மையத்தில் அவர் தலைமை விஞ்ஞானியாகப் பணியாற்றினார். எழுத்தறிவற்றவர் தொலைக்காட்சியை இயக்குவது போன்ற எளிமையுடன் கணிப்பொறியை இயக்க வேண்டும் என்பது அவரது நெடுநாளைய வற்புறுத்தல். கணிப்பொறி, தொலைக்காட்சி, தொலைபேசி ஆகியவற்றின் பயனை ஒருசேரத் தரும் கருவி ஒன்றையும் அந்நோக்கத்துடன் அவர் வடிவமைத்தார். அது பரவலாகப் புழங்கவில்லை. அவ்விடத்தைப் பின்னர்க் கைப்பேசி பிடித்துக்கொண்டது.

நூல்களை ஒளிப்படமாக்கி எவரும் கட்டணமின்றிப் படிக்கச் செய்யும் பத்து லட்ச நூல் திட்டத்தை அவரும் சகாக்களும் முன்னின்று நடத்தினர். இந்தியா, சீனா, எகிப்து ஆகிய நாடுகள் இதில் பங்கு கொண்டன. இந்தியப் பணியைப் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகம் ஒருங்கிணைத்தது. நூல்களைப் படமாக்கிய நிலையங்களுள் திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிலையமும் ஒன்று. 2007-ஆம் ஆண்டின் இறுதியில் நூல்களின் எண்ணிக்கை 15 லட்சத்தைக் கடந்தது. ஆந்திரத்தின் கிராமப்புற மாணவர்களைப் பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் சேர்த்துக்கொண்டு ஆறாண்டுகள் பயிற்றுவிக்கும் ராஜீவ் காந்தி அறிவுத் தொழில் நுட்பப் பல்கலைக் கழகம் 2008-ஆம் ஆண்டில் தோன்றியதிலும் அவர் பங்கு பெரிது. அதன் வேந்தராகவும் பணியாற்றினார்.

ஆங்கிலத்துக்கு ஏற்பட்ட வசதி இந்திய மொழிகளுக்குத் தானாக வந்துவிடவில்லை. ஸ்பிங்க்ஸ் வகுத்த வழியில் செல்லும் முறைமைகளுக்கு, மனிதர் பேசிய பேச்சின் பதிவுகளும், அவற்றுக்கு நேரான எழுத்து வடிவமும் ஏராளமாகத் தேவை. நூல் நடையிலிருந்து வீட்டுப் பேச்சு வெகுதூரம் விலகி நிற்கும் தமிழுக்கும் தெலுங்குக்கும் நூல்களைத் திரட்டினால் மட்டும் போதாது. 2022-ஆம் ஆண்டில் மைய அரசு தொடங்கிய பாஷினி திட்டம் இந்திய மொழிகளின் பேச்சுப் பதிவுகளைத் திரட்டும் முயற்சிகளுள் ஒன்று. சித்தூர்ப் பகுதியின் சந்தைப் பேச்சு இதில் தனிச் சிக்கல் உடையது. தெலுங்கில் தொடங்கிய வாக்கியம் தமிழில் முடியும். விலை ஒரு மொழியிலும் வசவு மறு மொழியிலும் வரும். எம்மொழி அகராதியைத் திறப்பது என்பதே அங்கே பொறிக்கு முதல் ஐயம். அப்பேச்சைப் பதிந்து, எழுத்தாக்கி, சொல்லுக்குச் சொல் இது தெலுங்கு, இது தமிழ் என்று குறிக்கும் வேலைக்கு இரு மொழியும் காதால் அறிந்த அவ்வூர் மக்களே வேண்டும்.